செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகாத கார்

செல்ஃப் மோட்டார் இன்ஜினை நன்றாகச் சுழற்றியும் இன்ஜின் ஓடத் தொடங்காத கோளாறு. பழைய கார் விற்பவர் "பேட்டரி வீக்" என்றால் நம்ப வேண்டாம். சுற்றும் வேகமே பேட்டரிக்குச் சாட்சி. பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று குறைகிறது.

இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் முதல் சோதனைக்குக் காது போதும். சாவியை ஆன் செய்ததும், பெரும்பாலும் பின்சீட்டுக்கு அடியில், பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி ரீங்கரித்து அடங்கும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப் என்று பார்க்க வேண்டும். சத்தம் வந்தும் டாஷ்போர்டில் சாவி விளக்கு மினுங்கினால், திருட்டுத் தடுப்புப் பூட்டான இம்மொபைலைசர் சாவியை ஏற்கவில்லை. ஸ்பார்க், இன்ஜெக்டர் இரண்டும் ஒருசேர வேலை செய்யாவிட்டால் இன்ஜின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் மீது சந்தேகம்.

இன்ஜின் வழக்கத்தைவிட லேசாக, ஒரே சீராகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்போது மீண்டும் செல்ஃப் அடிக்கவே கூடாது. சில இன்ஜின்களில் வால்வுகள் வளைந்துவிடும்.