கோலாலம்பூர் கோபுரங்களும் ஆவடி டிப்போவும்

கோலாலம்பூர் சுற்றுலா என்றால் எல்லோருக்கும் ஒரே வரிசைதான். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் அடியில் நின்று ஒரு படம், மெர்தேக்கா சதுக்கத்தில் ஒரு படம், பத்துமலை முருகன் சிலை முன்னால் ஒரு படம், மாலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. ஒரு நாள் மிச்சமிருந்தால் புத்ராஜெயா. நாமும் இந்த வரிசையை ஒட்டியே போகலாம். வழிகாட்டி சொல்லாமல் விடுகிற இடங்களில் மட்டும் கொஞ்சம் நின்று பேசுவோம்.

அரக்கோணத்தில் உட்கார்ந்துகொண்டு கோலாலம்பூர் கட்டிடங்களைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சில தம்பிகள் கேட்கக்கூடும். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து வெளியேற நம் முன்னோருக்கு இருந்த வழிகள் மிகச் சில. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளின் சுண்ணாம்புக் குழிகள் ஒரு வழி. கோலார் தங்கவயல் இன்னொன்று. ரயில்வே மூன்றாவது. நான்காவது கப்பல். முதல் மூன்றைப் பற்றி நம்மிடம் ஓரளவு பேச்சு இருக்கிறது; கோலாரைப் பற்றி நூல்களே இருக்கின்றன. கப்பலேறியவர்களைப் பற்றிய பேச்சுதான் குறைவு. மலாயாவுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஆகியவற்றோடு வட ஆற்காடும் இருந்தது. போன தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆதிதிராவிடர் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.

அவர்கள் போன பாதை நம் வாசலிலேயே தொடங்குகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது. அரக்கோணம் அந்தப் பாதையில் வருகிற ஊர். இதே பாதையில்தான் ஆவடி இருக்கிறது. ஆவடி என்றதும் 1955 காங்கிரஸ் மாநாட்டைச் சொல்வார்கள், டாங்கி ஆலையைச் சொல்வார்கள். மலாயாவுக்குப் போகிற கூலிகளை அடைத்துவைத்த டிப்போ அங்கே இருந்ததை யாரும் சொல்வதில்லை. நாகப்பட்டினத்தில் ஒன்று, ஆவடியில் ஒன்று. கங்காணி ஊரில் ஆள் பிடித்து ரயிலேற்றிக் கொண்டுவருவார். டிப்போவில் மருத்துவப் பரிசோதனை, அம்மைக் குத்து, சில நாள் காவல், பிறகு கப்பல். 1926இல் கட்டப்பட்ட ராஜுலா கப்பலின் பெயர் இன்றும் பழைய ஆட்கள் வாயில் இருக்கிறது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. நம்மவர்கள் டெக்கில் படுத்துப் போனார்கள்.

ஏன் போனார்கள்? 1876–78 பஞ்சத்தில் செத்தவர்களில் யார் அதிகம் என்று கேட்டால் பாதிப் பதில் கிடைக்கும். மீதிப் பாதி பண்ணையாள் முறையில் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததை நாம் எல்லாக் கூட்டங்களிலும் பேசுகிறோம். அந்த ஆணை காகிதத்திலிருந்து வயலுக்கு வந்து சேராத அதே ஆண்டுகளில் கங்காணி சேரிக்கு வந்து சேர்ந்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும். ஊரில் நிலம் கிடைத்திருந்தால் எத்தனை பேர் கப்பலேறியிருப்பார்கள்?

இப்போது மெர்தேக்கா சதுக்கத்துக்கு வருவோம். எதிரே நீளமாகச் சிவப்பும் வெள்ளையுமாக நிற்பது சுல்தான் அப்துல் சமாது கட்டிடம். 1897இல் முடிந்தது. செம்புக் குமிழ்க் கூரைகள், குதிரைலாட வளைவுகள், நடுவில் மணிக்கூண்டு. சிலாங்கூர் ஆட்சியின் தலைமை அலுவலகமாகக் கட்டினார்கள். முதலில் வரைந்த திட்டம் ஐரோப்பியப் பாணியில் இருந்தது. மாநிலப் பொறியாளராக இருந்த ஸ்பூனர் அதை மாற்றச் சொன்னார். நார்மன், பிட்வெல் என்ற இரண்டு கட்டிடக்கலைஞர்களின் கையில் அது இந்தோ-சாரசெனிக் பாணிக்கு மாறியது. 1910இல் திறந்த கோலாலம்பூர் ரயில் நிலையம் அடுத்தது. 1909இல் திறந்த ஜாமெக் மசூதியையும் இந்த நிலையத்தையும் வரைந்தவர் ஹப்பக் என்ற ஒருவரே.

நம்மில் யாராவது அந்த ரயில் நிலையத்தின் முன்னால் போய் நின்றால் முதலில் தோன்றுவது, இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்பதுதான். பார்த்திருக்கிறோம். எழும்பூர் நிலையம் 1908இல் திறந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1892. சேப்பாக்கத்தில் செனட் இல்லம் அதற்கும் முன்னால். மெட்ராஸில் வேரூன்றிய ஒரு பாணி அது. முகலாய வளைவையும் இந்து மண்டபத்தையும் பிரிட்டிஷ் மணிக்கூண்டையும் ஒன்றாகக் குழைத்து, ‘உங்கள் பழைய ராஜாக்களின் இடத்தில் இப்போது நாங்கள்’ என்று செங்கல்லால் சொல்கிற பாணி. மலாய் மக்களின் வீடு மரமும் அத்தாப்புக் கூரையுமாகக் கால்களின் மேல் நிற்பது. அதற்கும் இந்தக் குமிழ்களுக்கும் ஒட்டு உறவு கிடையாது. காலனி அரசு சட்டத்தையும் கிளார்க்கையும் கூலியையும் கொண்டுபோன அதே வழியில் குமிழ்க் கூரையையும் கொண்டுபோனது. கட்டிடக்கலைப் புத்தகங்கள் இதைப் பண்பாட்டுக் கலப்பு என்று எழுதுகின்றன. நமக்கு அந்தச் சொல் கொஞ்சம் இனிப்பு கூடியதாகப் படுகிறது.

இந்த இடத்தில் ஒரு பொய்யையும் ஒதுக்கிவைக்க வேண்டும். ‘கோலாலம்பூரைத் தமிழன் கட்டினான்’ என்று யூடியூபில் பேசுகிறார்கள். அப்படி இல்லை. 1857இல் ஈயம் தோண்ட வந்த சீனர்களால் வளர்ந்த ஊர் அது. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மரவீடுகளை அழித்தபிறகு, ரெசிடென்டாக வந்த ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்டச் சொன்னார். செங்கல் சூளைகள் போட்டது முக்கியமாகச் சீன முதலாளிகள். பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற பெயர் அந்தச் சூளைகளால் வந்தது. சுல்தான் அப்துல் சமாது கட்டிடத்துக்கு மட்டும் சுமார் 40 லட்சம் செங்கல் போனது. தண்டவாளம் போட்டது, சாலை வெட்டியது, ஜல்லி உடைத்தது, ஊர்க் கழிவை அள்ளியது ஆகிய வேலைகளில்தான் நம்மவர்களின் கை அதிகம். படமெடுக்கிற கட்டிடத்தில் அந்தக் கை தெரியாது. அந்தக் கட்டிடத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. சூளைகள் போனபின் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே பட்டறையும் குடியிருப்பும் வந்தன, தமிழர்கள் குடியேறினார்கள். 2010இல் அதற்கு லிட்டில் இந்தியா என்று பெயர் வைத்து, இரண்டு நாட்டுப் பிரதமர்களும் வந்து திறந்தார்கள்.

இன்னொன்று, இந்த மாளிகைகளுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? முதலில் ஈயம். 1905க்குப் பிறகு ரப்பர். ரப்பர் என்றால் தோட்டம், தோட்டம் என்றால் நாம்.

தோட்டத்துத் தமிழில் ரப்பர் மரம் ‘பால்மரம்’. விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு நிற்க வேண்டும். மேலே வெள்ளைக்காரத் துரை, அவருக்குக் கீழே கிராணி, தண்டல், கங்காணி. குடியிருப்பு லயம். அந்த லயத்திலும் சாதி இருந்தது. பல தோட்டங்களில் மற்ற சாதிக்கு ஒரு பக்கம், ஆதிதிராவிடருக்கு வேறு பக்கம். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். கங்காணி ஊரில் ஆள் பிடித்ததே சாதி, உறவு வழியாகத்தான். பிடித்த ஆட்களை அதே வரிசையில் கொண்டுபோய் இறக்கினார். துரைக்கு அது வசதி. ஒரு லயத்துக்காரன் இன்னொரு லயத்துக்காரனோடு சேராமல் இருக்கும்வரை வேலைநிறுத்தம் வராது.

ஆனால் வந்தது. கோலாலம்பூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிற கிள்ளானில், 1941இல். தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்த ஆர். எச். நாதன் முன்னின்ற சங்கம் வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி இருந்தது, கள்ளுக்கடைகளை மூடச் சொல்லும் கோரிக்கை இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ தோட்ட அலுவலரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டியதில்லை. இதைப் படித்தபோது எங்கள் வாசிப்பு வட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஊர்த்தெருவில் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போகச் சொன்ன வழக்கம் தமிழ்நாட்டில் எந்தச் சேரிக்குத் தெரியாது? கூலிக் கணக்கோடு இந்தக் கோரிக்கையையும் ஒரே தாளில் எழுதியவர்களை வெறும் கூலிக்காரர்கள் என்று வரலாறு எழுதுவது அநியாயம். அரசு நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தியது. வேலைநிறுத்தம் பரவியது. அதை அடக்க இந்தியச் சிப்பாய்களையே இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கிள்ளானுக்குச் சுற்றுலாக்காரர்கள் கடல் உணவு சாப்பிடப் போகிறார்கள்.

பத்துமலை. 272 படி. 2006இல் திறந்த முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம், அதாவது 140 அடி. சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள் கோயிலை 1890களின் தொடக்கத்தில் நிறுவியவர் தம்புசாமிப் பிள்ளை. நகரத்துக்குள் இருக்கிற மகாமாரியம்மன் கோயிலும் அவருடையதுதான், 1873 என்று கணக்கு. பல ஆண்டுகள் குடும்பக் கோயிலாக இருந்து, பிறகுதான் பொதுவுக்கு வந்தது. தைப்பூசத்தில் அங்கே லட்சக்கணக்கில் கூடுகிற கூட்டத்தில் நம் மக்கள் எத்தனை பேர் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. காவடியைத் தூக்குகிற தோளைப் பார்த்தால் போதும். ஆனால் அங்கே வாங்குகிற வழிகாட்டிப் புத்தகத்தில் பெயராக இருப்பது நிறுவியவர் மட்டும். தோட்டங்களில் இவர்கள் தாங்களாகவே கல் நட்டு, தகரக் கூரை போட்டுக் கும்பிட்ட முனியாண்டியும் மாரியும் வழிகாட்டியில் ஏறுவதே இல்லை. நிலம் விற்கப்படும்போது முதலில் இடிபடுவது அவைதான்.

அந்தக் கோபம்தான் 2007 நவம்பர் 25 அன்று பெட்ரோனாஸ் கோபுரத்தின் நிழலில் வெடித்தது. 452 மீட்டர், 88 மாடி, 1998இல் முடிந்து ஆறு ஆண்டுகள் உலகத்திலேயே உயரமாக இருந்த கட்டிடம். அதையொட்டிய அம்பாங் சாலையில் ஹிண்ட்ராஃப் அழைப்பில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கண்ணீர்ப் புகை, தண்ணீர் பீரங்கி. முன்னோரைக் கூலியாகக் கொண்டுவந்து அநாதையாக விட்டுப்போன பிரிட்டனிடம் நட்டஈடு கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ‘இந்து உரிமை’ என்ற பெயரில் அது வந்ததில் நமக்கு உடன்பாடு இல்லை. லயத்தைப் பிரித்து வைத்ததும் அந்த இந்துச் சமூகம்தானே? கங்காணியின் பேரனும் கூலியின் பேரனும் ஒரே பதாகையின் கீழ் நின்றபோது யாருடைய கணக்கு விடுபட்டது என்பதை அங்குள்ள தோழர்களே பேசவேண்டும். நாம் இங்கிருந்து கேட்கத்தான் முடியும்.

கடைசியாக புத்ராஜெயா. பெயரளவில் தலைநகர் கோலாலம்பூர்தான். 1999இல் பிரதமர் அலுவலகம் இங்கே வந்துவிட்டது. பச்சைக் குமிழ்க் கூரைப் பிரதமர் அலுவலகம், இளஞ்சிவப்புக் கிரானைட் மசூதி, செயற்கை ஏரி, ஏரியைச் சுற்றி விதவிதமான பாலங்கள். 1897இல் ஆரம்பித்த குமிழ்க் கூரை ஆசை விட்டபாடில்லை. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

அந்த ஏரியும் மாளிகைகளும் இருக்கிற நிலம் பிராங் பெசார் தோட்டம். மலாய் மொழியில் ‘பெரும் போர்’ என்று பொருள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் தொடங்கிய ரப்பர் தோட்டம். அங்கே உருவாக்கிய மரவகைகளுக்குத் தோட்டத்தின் முதலெழுத்துகளையே வைத்தார்கள். கேரளத்து ரப்பர் விவசாயிக்கு பி.பி. 86 என்றால் தெரியும். ஒரு மரத்துக்கு இருக்கிற முகவரிகூட அந்த மரத்தை வெட்டியவருக்கு இல்லை. 1990களில் நகரம் கட்ட முடிவானபோது பிராங் பெசாரிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்த சுமார் 400 தமிழ்க் குடும்பங்களை டெங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். சுவர்கள் விரிசல் விட்டன. தரைவீடு தருவதாகச் சொன்ன வாக்கைக் கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குடும்பங்கள் மனு கொடுத்தும் ஆர்ப்பாட்டம் செய்தும் வந்தன. 1998 காமன்வெல்த் போட்டி நடந்த புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கமும் தோட்ட நிலத்தில் எழுந்ததுதான். அங்கேயும் கடைசிவரை லயத்தை விடாமல் நின்ற குடும்பங்கள் இருந்தன. மூன்று தலைமுறை உழைத்த நிலத்தில் ஒரு வீட்டு மனைகூடத் தங்கள் பெயரில் இல்லாமல் போனது எப்படி என்பது பஞ்சமி நிலத்தைத் தேடி வட்டாட்சியர் அலுவலகப் படியேறுகிற நமக்குப் புதிய கேள்வி இல்லை.

இந்த வரலாற்றில் நம் பக்கத்து ஏடுகள் இன்னும் சரியாகத் திறக்கப்படவில்லை. எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. குடிபெயர்வு பற்றிய அந்தக் கால அரசாணைகள் அங்கே கிடக்கின்றன. சமூகவியலோ வரலாறோ படிக்கிற மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு போய் ஆவடி டிப்போ என்று கேட்டுத் தொடங்கலாம். ஊரில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அரக்கோணம், சோளிங்கர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் மலாயா போய்த் திரும்பிய குடும்பங்கள் இருக்கும். 1969க்குப் பிறகு வேலை அனுமதி கிடைக்காமல் திரும்பியவர்களும் அதில் உண்டு. டிரங்குப் பெட்டியில் கப்பல் டிக்கெட், பழைய பாஸ்போர்ட், தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஏதாவது இருந்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே படமெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஊர், சேரி, தோட்டத்தின் பெயர், போன ஆண்டு, திரும்பிய ஆண்டு, கூட்டிப்போன கங்காணி எந்த ஊர் என்பதை மட்டும் உடனே எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிகளிடம் கேட்கும்போது லயத்தைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள்: யார் எந்தப் பக்கம் இருந்தார்கள், தண்ணீர் பிடிக்கிற குழாய் எத்தனை இருந்தது என்று.