வில்லையின் பிழையும் கணக்கின் திருத்தமும்

1960இல் அமைந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம், 1967இல் உதகையில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் ‘இந்து’ பிலிம், வில்லை தந்த உருவை அவ்வாறே ஏற்றது. நேரான சுவர் வளைந்து பதிந்தால், இருட்டறையில் அதனை நிமிர்த்துதல் அரிது.

ஆயினும் முந்திய ஆண்டிலேயே, 1966இல், டுவேன் பிரவுன் என்னும் அமெரிக்கர் வில்லைக் கோணலைத் திருத்தும் சமன்பாடுகளை வெளியிட்டிருந்தார். வான்படங்களால் நிலமளப்போர்க்கு அவை வேண்டியிருந்தன. கட்டமிட்ட பலகையைப் படமெடுத்து வில்லையின் பிழையை அளக்கலாம். இன்று படம் எண்களாகப் பதிவதால், கணினி அவ்வளவின்படி ஒவ்வொரு புள்ளியையும் உரிய இடத்திற்கு நகர்த்துகிறது.

உதகை ஆலை பின்னர் மூடப்பட்டது. அக்கணக்கு இன்றும் பயன்படுகிறது. எனினும் வில்லை பதிக்கத் தவறிய நுட்பத்தை அது மீட்டுத் தாராது. அளந்தறிந்த பிழையே திருத்தத்திற்கு உரியது.