சிங்கப்பூர் ஆறு: நீரைச் சோதிப்போம், மனிதர்களையும் கேட்போம்



சிங்கப்பூர் ஆற்றைப் பற்றி எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். முன்பு ஆறு நாறியது, 1977இல் துப்புரவுப் பணி தொடங்கியது, 1987இல் சுத்தமானது, முற்றும். இதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அந்த ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் யாரும் கட்டுரையில் இல்லையே!

ஆற்றோரக் கற்றல் பயணம் ஒன்றில் மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், இங்க இருந்த படகெல்லாம் எங்க போச்சு? அதுல வேலை பாத்தவங்க என்ன ஆனாங்க?" அப்போது நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். சரியான பதிலைத் தேடிப் பார்ப்போம், வாங்க.

1819க்குப் பிறகு இங்கே துறைமுகம் வளர்ந்தபோது, பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கை ஏற்றி இறக்கியவை தொங்கான் போன்ற படகுகள். தொடக்கக் காலத்தில் படகோட்டிகளில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள். பின்னர் அந்தத் தொழில் சீனர் கைக்கு மாறியது. போட் கீ அருகிலுள்ள சூலியா ஸ்திரீட் என்ற பெயர் அவர்களை இன்றும் நினைவூட்டுகிறது. கொஞ்சம் நடந்தால் மார்க்கெட் ஸ்திரீட். செட்டியார்களின் கிட்டங்கிகள் அங்கேதான் இருந்தன. வணிகர்களுக்குக் கடன் கொடுத்த அந்தக் கிட்டங்கிகள் இல்லாமல் இந்த ஆற்றின் வணிக வரலாறு முழுமையாகாது.

ஆறு எப்படிக் கெட்டது? பன்றி, வாத்துப் பண்ணைகளின் கழிவு, சாக்கடை வசதியில்லாத வீடுகள், தெருவோர உணவுக் கடைகளும் காய்கறி வியாபாரிகளும் கொட்டிய குப்பை, படகுகளின் எண்ணெய் எல்லாம் ஆற்றிலும் அதனோடு சேர்ந்த கால்வாய்களிலும் கலந்தன. இத்தகைய கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அதனால்தான் மீன்கள் செத்து, நீர் கறுத்து, நாற்றம் எடுக்கிறது.

1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வைத்தார். குடிசைவாசிகள் வீவக வீடுகளுக்கும், தெருக்கடைக்காரர்கள் உணவங்காடி நிலையங்களுக்கும் மாற்றப்பட்டனர். 1983இல் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. மாணவி கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுதான்: படகு போன இடம் தெரிகிறது. மனிதர்கள் என்ன ஆனார்கள் என்பதை, அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

துப்புரவின் பலன் பெரிது. 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபின், கடல்நீர் ஏறி இறங்கிய இந்த ஆறு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது. அன்று நாறிய ஆறு இன்று நம் குடிநீருக்கு ஆதாரம். அதற்காகச் சிலர் தம் தொழிலை விட்டுக்கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மையான வரலாறு.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள்:

1. நீர்: அனுமதியும் பாதுகாப்பும் உறுதியான இடத்தில் நீரின் கலங்கல், அமிலத்தன்மை, கரைந்த உயிர்வாயு ஆகியவற்றை அளந்து, இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள். கான்கிரீட் கால்வாயாக இருந்து 2012இல் இயற்கை ஆறாக மாறிய பீஷான் - அங் மோ கியோ பூங்காப் பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2. இடம்: தெருப்பெயர்கள், பாலங்கள், ஆற்றோரச் சிலைகளைக் குறித்து வரைபடம் தயாரியுங்கள்.

3. மனிதர்: வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ உள்ள தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். "அந்த நாற்றம் ஞாபகம் இருக்கா?" என்று தொடங்கினாலே போதும், பேச்சு தானாக வரும். அனுமதி பெற்றுப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஆற்று முகத்துவாரத்தில் இருந்த பழைய கல்வெட்டுப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டில் உள்ள எழுத்தை இன்றுவரை யாராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. நீரை அடுத்த ஆண்டும் சோதிக்கலாம். ஆற்றங்கரையில் உழைத்த ஒரு பெரியவரின் நினைவு அதுவரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மாணவர்களே, தேர்வில் இந்தத் தலைப்பு வந்தால் காரணம், நடவடிக்கை, விளைவு ஆகியவற்றோடு நின்றுவிடாதீர்கள். "யாருக்கு நன்மை? யார் எதை இழந்தார்?" என்று ஒரு பத்தி சேருங்கள். அந்தப் பத்தி உங்கள் சொந்தச் சிந்தனையைக் காட்டும்.