கட்டியங்காரன் கேட்ட கேள்வி

செனாவாங்கில் பால்மரங்கள் நின்ற நிலத்தில் இன்று ஆலைகள் நிற்கின்றன. விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள், இரவு முறை வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புகின்றனர். உண்டபின் உறக்கம் வருமட்டும் அவர்கள் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ தேடுவது யாது? பெரும்பாலும் சிரிப்பு. அதிலும் ஒருவகைச் சிரிப்பு. நாள் முழுதும் மேலதிகாரிக்குத் தலையாட்டி வந்தவனுக்கு, இரவிலேனும் எவனாவது ஒருவன் மேலிடத்தாரை இரண்டு சொல் கேட்கமாட்டானா என்ற வேட்கை இருப்பது இயல்பே.

இந்த வேட்கையை மேனாட்டார் ஒரு தொழிலாகவே வளர்த்துவிட்டனர். ஒரு மேசை, அதன்பின் கோட்டணிந்த ஒருவர், பக்கத்தில் விருந்தாளிக்கு ஒரு நாற்காலி. முதலில் அன்றைய அரசியலைக் கேலி செய்வார். பிறகு நடிகரையோ பாடகரையோ, சமயத்தில் நாடாளுகிறவரையே கூட, நாற்காலியில் அமர்த்திப் பேட்டி காண்பார். அமெரிக்காவில் ஸ்டீவ் ஆலன் என்பார் 1954-ல் இவ்விரவு விருந்தை நாடு முழுதும் பரிமாறத் தொடங்கினார். பின்வந்த ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் அதே மேசையைக் காத்தார். இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1962-ல் சனிக்கிழமை இரவுகளில் அந்த வாரத்து அரசியலை நையாண்டி செய்யும் நிகழ்ச்சியொன்றை நடத்திற்று. மக்கள் அதனை விரும்பினர். ஆயினும் அடுத்த ஆண்டு தேர்தல் ஆண்டு என்று காரணங்காட்டி 1963 முடிவில் நிறுத்திவிட்டனர். தேர்தல் ஆண்டில்தானே ஐயா சிரிப்பு வேண்டும்!

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமை என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். அவர்தம் முன்னோர் வடஆர்க்காட்டிலிருந்தும் தென்னார்க்காட்டிலிருந்தும் கப்பலேறி வந்தபோது எதை விட்டுவந்தனர் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை போலும்.

தெருக்கூத்தைச் சொல்கிறேன். இரவு உணவு முடிந்து, ஊர் கூடி, மத்தளம் முழங்கத் தொடங்கினால் பொழுது விடியும்வரை கூத்து நடக்கும். ஆடுகளத்துக்கு முதலில் வருகிறவன் கட்டியங்காரன். அவனுக்கு முடியில்லை, புயக்கட்டையில்லை. இருப்பது வாய் ஒன்றே. இருவர் திரை பிடிக்க, அதன் மறைவில் துரியோதனனோ அர்ச்சுனனோ தன் வருகையைத் தானே புகழ்ந்து பாடுவான். மரத்தால் செய்து கண்ணாடி பதித்த கிரீடமும் முகம் நிறைந்த அரிதாரமுமாய் அவன் வெளிப்பட்டவுடன் கட்டியங்காரன் வழிமறிப்பான். நீர் யார்? எந்த ஊர்? இங்கே எதற்காக வந்தீர்? நாடு நகரமெல்லாம் நடுங்கும் வேந்தன், கந்தைத் துணிக்காரன் கேட்கும் கேள்விகட்கு நின்று விடை சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால்தான் கதை நடக்கும்.

இக்கேள்வி முறையைச் சற்றே ஊன்றிப் பார்க்க வேண்டும். அரசன் இலக்கிய நடையில் தன் குலப்பெருமை கூறுவான். கட்டியங்காரன் அதைக் கொச்சைத் தமிழில் திருப்பிச் சொல்வான். அரசன் ‘மாதம் மும்மாரி பொழிகிறதா?’ என்று மந்திரியைக் கேட்கப்போக, இவன் இடையில் புகுந்து, ஊர்க் கிணற்றில் தண்ணீரில்லாத கதையை எடுப்பான். மகாபாரதத்து அத்தினாபுரத்தில் திடீரென்று மணியக்காரரின் லஞ்சமும் கூட்டுறவுக் கடையின் எடைக்குறைவும் வந்து நிற்கும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியதனக்காரருக்கு அது தம்மைப் பற்றியதென்று தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் சிரிக்காமல் எழுந்து போனால் அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்! பேட்டியும் அரசியற் கேலியும் ஓருருவாய்க் கலந்த இந்த இராக்காட்சி, தொலைக்காட்சிப் பெட்டியைக் காட்டிலும் பல தலைமுறை மூத்தது.

குறையையும் மறைத்தல் கூடாது. அதே கட்டியங்காரன் பெண்ணை இழித்துப் பேசியும் நொண்டியைப் பார்த்து நொண்டியாடியும் சிரிப்பு வாங்குவதுண்டு. கேலிக்குக் கண்ணில்லை, யார்மேல் ஏவினாலும் பாயும். அதனை யார்மேல் ஏவுவது என்று தெரிந்து ஏவிய மூவரைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதல்வர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவிலையடுத்த ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்தவர். வில்லுப்பாட்டு வழங்கும் நாட்டார். நந்தனார் கதை தமிழகமெங்கும் கண்ணீரோடு பாடப்பட்ட காலத்தில், அவர் ‘கிந்தனார்’ என்றொரு காலட்சேபத்தை எடுத்துக்கொண்டு மேடையேறினார். நந்தன் ஏங்கியது சிதம்பர தரிசனத்துக்கு; கிந்தன் ஏங்கியது பள்ளிக்கூடத்துக்கு. பாகவதரின் இழுப்பும் இசையும் அப்படியே இருக்க, பொருளை மட்டும் மாற்றிவைத்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள், சிரித்து முடித்தபின், நந்தனுக்குப் படிப்பு ஏன் கிடைக்கவில்லை என்ற வினா அவர்கள் மடியில் கிடந்தது. 1949-ல் வந்த ‘நல்லதம்பி’ படத்தின் வழியாகவும் கிந்தனார் ஊரூராய்ச் சென்றார்.

கலைவாணரின் கேலி தடவிக் கொடுப்பது போலிருக்கும். நடிகவேள் எம்.ஆர். ராதாவின் கேலியோ அரிவாள். எழுதிக் கொடுத்த வசனத்தோடு அவர் நின்றதில்லை. அன்று நாளேட்டில் வந்த செய்தி அன்றிரவே அவர் நாடகத்தில் வந்துவிடும்; மந்திரி பேசியது, சாமியார் அகப்பட்டது, விலைவாசி ஏறியது எல்லாம். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘இரத்தக்கண்ணீர்’ நாடகத்தில், சீமையிற் படித்துத் திரும்பிய செல்வனாக வந்து ஊரையே இகழ்வார். நோயும் வறுமையும் பற்றிய பிச்சைக்காரனாகி அந்த ஊரையும் தன்னையும் சேர்த்து இகழ்வார். தெருவில் கிடப்பவனின் வாயிலிருந்து வந்த பின்பகுதிக் கேலிக்கே மக்கள் அதிகம் கைதட்டினர். அது 1954-ல் படமாயிற்று. தோட்டத்து வெளியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களை அறிந்த நம் பெரியவர்களைக் கேளுங்கள். வசனத்தைத் தலைகீழாய் ஒப்பிப்பர்.

ராதாவின் நாடகத்தைத் தடுத்தால் பெயரை மாற்றி அதையே நடத்துவார். மனம் புண்படும் என்று கருதுவோர் வரவேண்டா, அவர்கள் காசும் வேண்டா என்று விளம்பரமே செய்தார். இவருடைய இராமாயண நாடகம் எழுப்பிய கூச்சலின் பின்னணியில், சென்னைச் சர்க்கார் 1954-ல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமொன்று கொண்டுவந்தது. இதற்கு மூதாதை ஒன்றுண்டு. இங்கிலாந்து இளவரசரை வீட்டுக்கழைத்து அந்தப்புரத்தையும் காட்டிய கல்கத்தாப் பிரமுகர் ஒருவரை 1876-ல் வங்க நாடகக்காரர் கேலி செய்தனர். வெள்ளையர் ஆட்சிக்குப் பொறுக்கவில்லை. அவ்வாண்டே நாடகங்களை அடக்க ஒரு சட்டம் பிறந்தது. வெள்ளையர் போன பின்னும் அந்த அச்சம் போகவில்லை.

இனி வருவது நம்மவர்க்குக் கசக்கும். கசந்தாலும் சொல்ல வேண்டும். 1967-ல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறிற்று. அரியணை ஏறியவர்கள் யாவர்? நாடகம் எழுதியவர்கள், நடித்தவர்கள், நாடகத் தடையை எதிர்த்து மேடை மேடையாய் முழங்கியவர்கள். அண்ணா நாடகாசிரியர், ‘தூக்குமேடை’ நாடகம் எழுதி ராதாவோடு நடித்தவர் கருணாநிதி. பின்னர் வந்த எம்.ஜி.ஆரும் மேடையில் வளர்ந்தவரே. அச்சட்டத்தை ஒரே நாளில் கிழித்தெறிந்திருக்கலாம். எறியவில்லை. எழுத்தாளர் ஞாநி வழக்குத் தொடுத்து, 2013-ல் சென்னை உயர்நீதிமன்றம் அது அரசியற் சட்டத்துக்கு முரணானதென்று கூறும்வரை, ஆட்சிகள் மாறிமாறி வந்தபோதும் அச்சட்டம் ஏட்டிலே இருந்தது. 46 ஆண்டுகள்! கட்டியங்காரன் கிரீடம் சூடிக்கொண்டால், அடுத்த கட்டியங்காரனைக் கண்டு அவனுக்கும் வியர்க்கும் போலும்.

அந்த அடுத்த கட்டியங்காரன் சோ. ராமசாமி. கொள்கையில் சீர்திருத்தக்காரருக்கு எதிர்முனையில் நின்றவர். அதனால் அவர் திறமையை மறுப்பது நேர்மையாகாது. 1968-ல் ‘முகம்மது பின் துக்ளக்’ என்ற நாடகத்தை எழுதி அரங்கேற்றினார். கல்லறையிலிருந்து துக்ளக் மன்னன் எழுந்து வந்ததாகக் கதை. வந்தவன் தேர்தலில் நின்று பிரதமராகிறான். கட்சி மாறி வருவோருக்கெல்லாம் உதவிப் பிரதமர் பதவியை அள்ளி வீசுகிறான். கூத்தில் அரசனைக் கட்டியங்காரன் கேள்வி கேட்டான். சோ அந்த அரசனையே கட்டியங்காரனாக்கினார். 1971-ல் அது படமாக வருமுன் எழுந்த இடையூறுகள் பல. 1970 பொங்கலன்று அதே பெயரில் அவர் தொடங்கிய பத்திரிகையில் வாசகர் கேள்விகளுக்குத் தந்த பதில்களும் இந்தப் பேட்டிக் கேலியின் அச்சு வடிவமே.

நிற்க. தொலைக்காட்சிக்கு வருவோம். நம் நாட்டில் அது 1963 டிசம்பர் 28-ல் வந்தது. 1996-ல் ஆஸ்ட்ரோ வந்தபின் தமிழ் நிகழ்ச்சிகள் நாள் முழுதும் கிடைத்தன; தமிழ்நாட்டுச் சிரிப்பும் அப்படியே இறங்கிற்று. ‘லொள்ளு சபா’ (2003) திரைப்படங்களை வகையாகக் கேலி செய்தது. அதிலே உண்மையான துணிச்சல் இருந்தது. அடுத்து ‘கலக்கப்போவது யாரு’ முதலிய போட்டிகள் வந்தன. மறுபுறம் நடிகர் நடிகையரைச் சோபாவில் அமர்த்திக் காப்பி கொடுத்துப் பேசும் பேட்டிகள்.

கூத்து ஒன்றாய் வைத்திருந்ததைத் தொலைக்காட்சி இரண்டாய் அறுத்துவிட்டது. பேட்டி காண்பவர் கேலி செய்வதில்லை; கேலி செய்பவர் பேட்டி காண்பதில்லை. ‘நீர் யார், எதற்காக வந்தீர்?’ என்ற வினா, ‘உங்களுக்குப் பிடித்த நிறம் எது?’ என்றாகிவிட்டது. கேலிக்கு அரசனில்லை, எனவே அது கீழே இறங்கிக் கறுத்த பெண், பருத்த உடல், மாமியார், மனைவி என்று எளியார்மேல் பாய்கிறது. நம் கோவில் திருவிழா மேடையிலும் இதைத்தானே பார்க்கிறோம்? முன்வரிசையில் மாலையோடு பிரமுகர், மேடையில் விகடகவி. பிரமுகரைப் பற்றி ஒரு சொல் வராது. மரம் வெட்டித் தழும்பேறிய கையோடு பின்வரிசையில் நிற்கும் நம் தாய்மாரின் நிறத்தையும் பேச்சையும் பற்றி ஒன்பது வரும். அவர்களும் சிரித்து வைக்கின்றனர்.

மேனாட்டு மேசைக்கும் இடர் வராமலில்லை. அமெரிக்காவில் ஸ்டீபன் கோல்பேர் நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடியுமென்று அதன் நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்தது, காரணம் வரவு செலவே என்றது, நம்பாதவர் பலர். அவ்வாண்டு செப்டம்பரில் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியைச் சில நாள் நிறுத்தி, எதிர்ப்பெழுந்தபின் மீண்டும் விட்டனர். சட்டமும் போலீசும் செய்ததை இன்று முதலாளியின் கணக்குப் புத்தகமே செய்துவிட முடிகிறது.

தமிழ்த் தொலைக்காட்சியில் கட்டியங்காரன் ஒருமுறை தலைகாட்டினான். அதுவும் சிறுபிள்ளை வடிவில். 2022 பொங்கல் நாள்களில் ஜீ தமிழ் தொலைக்காட்சியின் குழந்தைகள் நிகழ்ச்சியொன்றில், ‘இம்சை அரசன்’ படத்து வேடம் புனைந்து இரு சிறுவர் வந்தனர். ஒருவன் அரசன், ஒருவன் மந்திரி. கறுப்புப் பணத்தை ஒழிக்கிறேனென்று நாணயத்தைச் செல்லாததாக்கிய ஒரு மன்னன் கதையைப் பேசினர். வண்ண வண்ண மேலாடையில் ஊர்சுற்றுவதையும் பேசினர். அரங்கம் சிரித்தது. சில நாளில், ஏழு நாளுக்குள் விளக்கம் தருக என்று இந்திய ஒன்றியத்தின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பிற்று. பிள்ளைகள் எந்தப் பெயரையும் சொல்லியிருக்கவில்லை.