பிறர் களஞ்சியத்தை நம்பிக் கரையேறியவர்கள்

1609ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். வர்ஜீனியாவில் காணாமல்போன தங்கள் ஆட்களைத் தேடிப் போன ஆங்கிலேயர்களின் கண்ணில் பட்டவை சடலங்கள். கொல்லப்பட்டுக் கிடந்தவர்களின் வாய் நிறைய ரொட்டி திணிக்கப்பட்டிருந்தது. அப்போது குடியேற்றத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் பெர்சி இதைத் தம் குறிப்பில் பதிவு செய்து, வெறுப்பையும் ஏளனத்தையும் காட்டவே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தாமே விளக்கமும் எழுதிவைத்தார். உணவு கேட்டு வந்தவர்களுக்கு அந்த மண்ணின் மக்கள் கொடுத்த கடைசிக் கவளம் அது.

சென்ற வாரம் ரோவனோக் தீவைப் பார்த்தோம். 1590இல் ஜான் ஒயிட் திரும்பி வந்தபோது தம் மகளும் பேத்தியும் உட்பட ஒருவரையும் காணாமல் நின்ற இடம் அது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, அங்கிருந்து வடக்கே செசபீக் விரிகுடாவுக்குள் ஆங்கிலேயர் மீண்டும் வந்தார்கள். இம்முறை குடியேற்றம் அழியவில்லை. ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் அழிந்தார்கள். ஏன்?

பாடப்புத்தகங்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: வந்தவர்கள் சோம்பேறிகள், உழைக்கத் தெரியாத கனவான்கள். இந்தப் பதிலைப் பரப்பியவர் கேப்டன் ஜான் ஸ்மித். அவர் அங்கே இருந்தவர், கண்ணால் பார்த்தவர், அதே சமயம் தம் பெருமையை விட்டுக்கொடுக்காதவர். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. முதலில் வந்த 104 பேரின் பட்டியலில் ஏறத்தாழப் பாதிப் பேர் கனவான்கள். தச்சர்கள் நால்வர், கூலியாட்கள் பன்னிருவர், ஒரு நாவிதர், ஒரு தையற்காரர், ஒரு முரசறைபவர். ஆனால் இவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது யார், எந்தக் கணக்கில் அனுப்பினார்கள் என்று கேட்டால், குற்றம் ஆற்றங்கரையிலிருந்து லண்டனுக்கு இடம் மாறுகிறது.

1606இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் கொடுத்த சாசனத்தின் பேரில் உருவானது லண்டன் வர்ஜீனியா கம்பெனி. பங்குதாரர்களின் முதலீட்டில் நடந்த வணிக நிறுவனம். அதன் பொருளாளராக அமர்ந்து அதை நடத்தியவர் சர் தாமஸ் ஸ்மித். நமக்கு இவர் அந்நியர் அல்ல. பின்னாளில் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டிய அதே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600இல் முதல் கவர்னராக இருந்தவர் இவர்தான். கிழக்கே போகும் கப்பலுக்குத் துறைமுகம் இருந்தது, சந்தை இருந்தது, காசு கொடுத்தால் அரிசி கிடைத்தது. அந்தப் பழக்கத்திலேயே வர்ஜீனியாவுக்கும் திட்டம் போட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கம் தேட வேண்டும், பசிபிக் கடலுக்கு வழி காண வேண்டும், லாபம் தரும் சரக்கைக் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டும். சாப்பாடு?

அதற்கும் கம்பெனி எழுத்தில் ஓர் ஆணை கொடுத்திருந்தது. அதைப் படிக்கும்போது மனம் கசக்கிறது. அங்குள்ள மக்களிடம் மக்காச்சோளமும் கெடாமல் இருக்கும் மற்ற உணவுகளும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கேயே குடியேறப் போகிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும் முன்பே வாங்கிவிடுங்கள் என்கிறது அந்த ஆணை. அடுத்தவர் நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறோம், அதுவரை அவர்களே நமக்குச் சோறு போடட்டும் என்பதுதான் திட்டம். பட்டினியின் விதை அந்த ஆணையிலேயே இருந்தது என்பது என் எண்ணம்.

1606 டிசம்பரில் சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி என்ற மூன்று கப்பல்கள் லண்டனை விட்டுக் கிளம்பின. எதிர்க்காற்றில் இங்கிலாந்துக் கரையோரமாகவே பல வாரங்கள் முடங்கிக் கிடந்ததில், அங்கே போய்ச் சாப்பிட வேண்டிய உணவில் ஒரு பகுதி கரைந்துபோனது. 1607 ஏப்ரல் 26இல் செசபீக் முகப்பை அடைந்தார்கள். ஆட்சிக்குழுவில் யார் யார் என்ற பட்டியல் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. கரை சேர்ந்த பிறகே திறக்க வேண்டும் என்பது உத்தரவு. திறந்தார்கள். நடுக்கடலில் கலகக் குற்றம் சாட்டிக் காவலில் வைத்திருந்த ஜான் ஸ்மித்தின் பெயரும் அதில் இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் முதல் தலைவர் விங்ஃபீல்டைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். குழு உறுப்பினர் கெண்டலைச் சதிக்குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்றார்கள்.

மே மாத நடுவில் குடியேற இடம் தேர்ந்தார்கள். அங்கே எழுந்த கோட்டைதான் ஜேம்ஸ்டவுன். தாழ்வான, ஈரமான இடம் வேண்டாம் என்று கம்பெனி எச்சரித்திருந்தது. ஆனால் அவர்களை ஈர்த்தது வேறு. கப்பலைக் கரையோர மரத்திலேயே கட்டும் அளவுக்கு அங்கே ஆறு ஆழம். ஸ்பானியர் வந்தால் எதிர்த்து நிற்கலாம். 1565இல் பிளாரிடாவில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை ஸ்பானியர் அழித்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அந்த நிலம் பாஸ்பஹே என்ற குடியினருடையது. அவர்கள் அங்கே வேட்டையாடினார்களே தவிர ஊர் அமைத்துத் தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்பது வந்தவர்களுக்குக் கோடையில் புரிந்தது.

ஜேம்ஸ் ஆறு அந்த இடத்தில் கடலின் ஏற்ற வற்றத்துக்கு உட்பட்டது. ஏற்றத்தில் உப்பு, வற்றத்தில் சேறும் அழுக்கும் என்று பெர்சி எழுதுகிறார். குடிக்க வேறு தண்ணீர் இல்லை. நல்ல கிணறு தோண்டவே நீண்ட நாள் ஆயிற்று. கோடையில் நீரோட்டம் குறையும்போது உவர்நீரும் நன்னீரும் கலக்கும் எல்லை அந்த இடத்துப் பக்கமே வந்து தேங்குகிறது. கரையில் கழிக்கும் கழிவு கடலுக்குப் போகாமல் அங்கேயே முன்னும் பின்னும் அலைகிறது. சீதபேதி, டைபாய்டு, உப்பு நீரால் வரும் வீக்கம் ஆகியவையே அந்தக் கோடையின் சாவுகளுக்குக் காரணம் என்று புவியியலாளர் கார்வில் எர்ல் 1970களின் இறுதியில் வாதிட்டார். அதை ஏற்க எனக்குத் தயக்கமில்லை. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு சிறு குவளை வேகவைத்த பார்லி என்று உண்டு கிடந்த உடல்கள், அந்த நீரைக் குடித்து எத்தனை நாள் தாங்கும்? பெர்சியின் ஆகஸ்ட் மாதக் குறிப்பு நாள் தவறாத சாவுப் பட்டியலாகவே இருக்கிறது. 1608 ஜனவரியில் உதவிக் கப்பல் வந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 38 பேர்.

அவர்கள் அறிய வழியே இல்லாத இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1998இல் டேவிட் ஸ்டாலும் அவருடைய குழுவினரும் அப்பகுதிச் சதுப்புகளில் நிற்கும் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு திகைக்க வைக்கிறது. 1606 முதல் 1612 வரையான ஏழு ஆண்டுகள், 770 ஆண்டுகளிலேயே மிக வறண்ட ஏழாண்டுக் காலம். மழை பொய்த்ததால் ஆற்றில் உப்பு ஏறியது. அதைவிட முக்கியமாக, ஆங்கிலேயர் யாருடைய சோளத்தை நம்பி வந்தார்களோ அவர்களின் வயல்களும் காய்ந்தன.

அவர்கள் யார்? செனகோமாக்கா என்று தங்கள் நாட்டை அழைத்த ஏறத்தாழ முப்பது குடிகள்; மொத்தம் பதினாலாயிரம் பேர் போல. அவர்களின் பெருந்தலைவர் வாகுன்செனகா, ஆங்கிலேயர் பொவ்ஹாட்டன் என்று அழைத்தவர். வயல் வேலை பெண்களுடையது: மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி. ஆண்கள் வேட்டையும் மீன்பிடியும். ஆண்டு முழுவதற்குமான சோளம் அவர்களிடமே கிடையாது. குளிர்காலம் முடிந்து புதிய விளைச்சல் வரும்வரை மீன், சதுப்புக் கிழங்கு, காட்டுக்காய் என்று தேடி ஊரே கலைந்து போகும். நல்ல விளைச்சல் ஆண்டிலேயே இதுதான் நிலை. பஞ்ச ஆண்டில் வாசலில் வந்து நிற்கும் விருந்தாளிக்கு எவ்வளவு கொடுக்க முடியும்?

அப்படியும் கொடுத்தார்கள். முதல் இலையுதிர் காலத்தில் சோளமும் இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்து அந்தச் சிலரைப் பிழைக்க வைத்தது அவர்கள்தான். செம்பும் மணியும் கோடரியும் அதற்கு ஈடாகப் போயின. ஆனால் உதவிக் கப்பல் ஒவ்வொன்றும் உணவைவிட அதிகமாக வாய்களைக் கொண்டுவந்தது. தங்கம் புடம் போடுபவர்களையும் நகை செய்பவர்களையும் அனுப்பினார்கள். அவர்களும் விதைக்க வேண்டிய வசந்தத்தில் ஆற்று மண்ணைச் சலித்து, மஞ்சளாக மின்னிய மண்ணை ஒரு கப்பலில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். அதில் தங்கம் இல்லை.

1608 செப்டம்பரில் தலைவரான ஸ்மித், உழைக்காதவனுக்கு உணவில்லை என்று விதி போட்டார். கிணறு தோண்டினார்கள், கொஞ்சம் விதைத்தார்கள். சேமித்த சோளத்தை எலி தின்றுவிட்டதும் ஆட்களைப் பிரித்து, சிப்பி எடுக்கவும் மீன் பிடிக்கவும் அனுப்பினார். இதெல்லாம் பாராட்டத் தக்கது. ஆனால் அவருடைய மற்றொரு வழியையும் சொல்ல வேண்டும். 1609 தொடக்கத்தில் சோளம் தர மறுத்த ஒப்பெச்சன்கனோவின் தலைமுடியைப் பிடித்து, நெஞ்சில் துப்பாக்கி வைத்துச் சோளம் வாங்கினார். ஒப்பெச்சன்கனோ பெருந்தலைவரின் தம்பி. அதே குளிர்காலத்தில் வாகுன்செனகா தம் தலைநகரையே ஆங்கிலேயர் எளிதில் எட்ட முடியாத இடத்துக்கு மாற்றிக்கொண்டார். உறவு அங்கேயே முறிந்துவிட்டது.

1609 ஜூனில் இங்கிலாந்திலிருந்து ஒன்பது கப்பல்களில் ஏறத்தாழ 500 பேர் புறப்பட்டார்கள். ஜூலை இறுதியில் புயல். புதிய அதிகாரிகள் இருந்த தலைமைக் கப்பல் சீ வென்ச்சர் பெர்முடா பாறைகளில் ஒதுங்கியது. மற்றவற்றில் பெரும்பாலானவை ஆகஸ்டில் நனைந்த சரக்கோடும் நோயாளிகளோடும் ஜேம்ஸ்டவுன் சேர்ந்தன. ஆணை பிறப்பிக்க வேண்டியவர்கள் வரவில்லை. இத்தனை பேருக்கும் கோட்டையில் சோறில்லை என்பதால் ஸ்மித் குழு குழுவாக வெளியே அனுப்பினார். அவர்கள் மற்றவர் ஊர்களில் போய் உட்கார்ந்தார்கள், பிடுங்கினார்கள், கொன்றார்கள். வாயில் ரொட்டி திணித்த அந்தச் சடலங்கள் இந்த நேரத்தைச் சேர்ந்தவை. வெடிமருந்தில் காயம்பட்ட ஸ்மித் அக்டோபரில் இங்கிலாந்து திரும்பினார். சோளம் வாங்கப் போன ஆட்சிக்குழு உறுப்பினர் ராட்கிளிஃப் பெரும்பாலான தம் ஆட்களோடு கொல்லப்பட்டார். சோளம் தேடி வடக்கே போன இன்னொரு அதிகாரி பிரான்சிஸ் வெஸ்ட், தலைகளை வெட்டி மிரட்டிச் சோளம் சேர்த்தார். நிரம்பிய கப்பலோடு கோட்டைக்கு வராமல் இங்கிலாந்துக்கே போய்விட்டார்.

அந்தக் குளிர்காலத்துக்குப் பட்டினிக் காலம் என்றே பெயர். கோட்டையைச் சுற்றிப் பொவ்ஹாட்டனின் வீரர்கள். வெளியே போனால் அம்பு, உள்ளே இருந்தால் பசி. குதிரைகளைத் தின்றார்கள், நாய், பூனை, எலி, பாம்பு, காலணித் தோல் எதையும் விடவில்லை. பிறகு இறந்தவர்களை. பெர்சி இதை எழுதியிருந்தும் பலர் நம்பவில்லை. 2012இல் கோட்டையின் பழைய நிலவறைக் குப்பையில் வில்லியம் கெல்சோவின் அகழாய்வுக் குழு ஒரு மண்டையோட்டை எடுத்தது. ஏறத்தாழப் பதினான்கு வயது ஆங்கிலேயச் சிறுமி. நெற்றியிலும் பின்மண்டையிலும் தாடையிலும் வெட்டுக்காயங்கள், எல்லாம் இறந்த பிறகு விழுந்தவை. அவள் பெயர் யாருக்கும் தெரியாது. ஆய்வாளர்கள் ஜேன் என்று அழைக்கிறார்கள். லண்டனின் கணக்குப் புத்தகத்தில் பங்காகப் பதிந்த திட்டத்தின் விலையை அந்த எலும்பில் பார்க்கலாம்.

இதில் என்னை மிகவும் உலுக்குவது வேறொரு செய்தி. ஆற்றின் முகத்துவாரத்தில் பாயின்ட் கம்ஃபர்ட் என்ற இடத்தில் இன்னொரு சிறு கோட்டையும் அவர்களுக்கு இருந்தது. வசந்தத்தில் பெர்சி அங்கே போய்ப் பார்த்தபோது அங்கிருந்தவர்கள் நல்ல உடல்நிலையில் இருந்தார்கள். நண்டு ஏராளம், மிஞ்சியதைப் பன்றிகளுக்குப் போட்டிருந்தார்கள். ஆற்றின் மேலே தங்கள் ஆட்களே செத்துக்கொண்டிருந்தும் அவர்கள் சேதி அனுப்பவில்லை.

1610 மே மாதம், பெர்முடாவில் தாங்களே கட்டிய இரண்டு கப்பல்களில் சீ வென்ச்சர் பயணிகள் வந்து சேர்ந்தபோது ஜேம்ஸ்டவுனில் எஞ்சியிருந்தவர்கள் அறுபது பேர் அளவில்தான். ஜூன் 7இல் எல்லோரும் கப்பலேறி ஊரைக் கைவிட்டார்கள். மறுநாளே ஆற்றில் செய்தி எதிரே வந்தது: புதிய கவர்னர் டி லா வார் பிரபு ஆட்களோடும் உணவோடும் வந்துகொண்டிருக்கிறார், திரும்புங்கள். திரும்பினார்கள். அந்த ஆகஸ்டிலேயே பெர்சி படையோடு போய்ப் பாஸ்பஹே ஊரைக் கொளுத்தினார், வயலில் நின்ற சோளத்தை வெட்டிச் சாய்த்தார், அவர்களின் அரசியையும் குழந்தைகளையும் கொன்றார்கள். முந்தின குளிர்காலத்தில் சோளமில்லாமல் செத்தவர்களின் ஊர்க்காரர்கள் செய்தது இது.

1612 வாக்கில் குடியேறிகளில் ஒருவரான ஜான் ரோல்ஃப் புதிய ரகப் புகையிலையைப் பயிரிட்டுப் பார்த்தார். லண்டன் சந்தை அதை விரும்பி வாங்கியது. கம்பெனிக்கு ஒரு சரக்கு கிடைத்துவிட்டது. உடனே எல்லோரும் அதற்குப் பாய்ந்தார்கள். இரண்டு ஏக்கர் சோளம் போடாதவன் புகையிலை நடக்கூடாது என்று அப்போது குடியேற்றத்தை ஆண்ட தாமஸ் டேல் ஆணையிட வேண்டிவந்தது. அப்படியும் 1617இல் துணை கவர்னராக வந்திறங்கிய ஆர்கல், ஜேம்ஸ்டவுனின் தெருக்களில்கூடப் புகையிலை நட்டிருப்பதைக் கண்டார். 1607 முதல் 1624 வரை கடல் கடந்து வந்தவர்கள் சுமார் 6,000 பேர். 1625 கணக்கெடுப்பில் உயிரோடிருந்தவர்கள் சுமார் 1,200 பேர்.

புகையிலைக்கு நிலம் போதாமல் ஆற்றின் இரு கரையிலும் அவர்கள் மேலே மேலே பரவியதையும், தலைமுடியைப் பிடித்து அவமானப்படுத்தப்பட்ட ஒப்பெச்சன்கனோ 1622 மார்ச் 22 காலை அதற்குக் கொடுத்த பதிலையும் அடுத்த வாரம் பார்ப்போம்.