குட்டைக் குதிரையின் கணக்கு

"பி.காம் படிக்கிறவனுக்குக் குதிரையோடு என்ன வேலை?" என்று கேட்டுவிடாதீர்கள் நண்பர்களே. காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் சொல்லித்தராத ஒரு கணக்கு இந்தக் கதைக்குள் இருக்கிறது.

இடம் அர்ஜென்டினா. 1536இல் பெட்ரோ டி மெண்டோசா என்ற ஸ்பானியத் தளபதி ஆட்களோடும் குதிரைகளோடும் வந்திறங்கி புவெனஸ் அயர்ஸ் குடியிருப்பை அமைத்தார். பசியும் பழங்குடிகளோடு நடந்த சண்டையும் சேர்ந்து ஆட்டிப்படைக்க, 1541இல் ஊரையே காலி செய்துவிட்டார்கள். விடுபட்ட குதிரைகள் பாம்பாஸ் புல்வெளியில் பெருகின. பிறகு வந்த ஸ்பானியக் குதிரைகளும் அவற்றோடு கலந்தன.

அங்கே கொட்டிலும் கிடையாது, கொள்ளும் கிடையாது. வெயில், உறைபனி, வறட்சி எல்லாவற்றையும் தாக்குப்பிடித்தவை மட்டுமே குட்டி போட்டன. இப்படி உருவானதுதான் கிரியோல்லோ. உயரம் தோள் வரை சுமார் 144 செ.மீ. தான். கவுச்சோ எனப்படும் மாட்டிடையர்களுக்கு இதுதான் சரியான கூட்டாளி. மந்தையிலிருந்து ஒரு மாட்டை மட்டும் பிரித்து ஓட்ட வேண்டும். கயிறு வீசிப் பிடித்த மாடு திமிறினால் காலை ஊன்றி நிற்க வேண்டும். இரண்டும் இதற்குக் கைவந்த கலை.

சரி, பிரச்சினை எங்கே வந்தது? 19ஆம் நூற்றாண்டில் பண்ணை முதலாளிகளுக்கு இது குட்டையாகத் தெரிந்தது. ஐரோப்பாவிலிருந்து உயரமான, வேகமான குதிரைகளை வரவழைத்துக் கலப்பினம் செய்தார்கள். அதற்குப் பெயர் "மேம்பாடு". குட்டிகள் பார்க்க அழகாக இருந்தன. பழைய உரம்தான் இல்லை. அசல் இனம் அழியும் நிலைக்கு வந்துவிட்டது.

எமிலியோ சொலானெட் என்ற கால்நடை மருத்துவர் 1911இல் தெற்கே படகோனியாவுக்குப் போனார். அங்கே தெவெல்சே பழங்குடியினரிடம் கலப்பில்லாத குதிரைகள் மிஞ்சியிருந்தன. அவற்றை வாங்கி வந்து இனத்தை மீட்டார். 1923இல் வளர்ப்பாளர் சங்கமும் உருவானது.

ஆனாலும் ஊர் நம்ப வேண்டுமே! ஏமே சிஃபெலி என்ற சுவிஸ் ஆசிரியர் சொலானெட்டிடம் இரண்டு கிழக் குதிரைகளைப் பெற்றார். மாஞ்சாவுக்கு 15 வயது, காட்டோவுக்கு 16. 1925 ஏப்ரலில் புவெனஸ் அயர்ஸிலிருந்து கிளம்பி ஆண்டிஸ் மலை, பாலைவனம், காடு எல்லாம் கடந்து சுமார் 16,000 கி.மீ. பயணம். கடைசிக் கட்டத்தில் காட்டோவை வழியில் விட்டுவிட்டு, மாஞ்சாவோடு 1928 செப்டம்பரில் நியூயார்க் சேர்ந்தார். பின்பு இரண்டுமே அர்ஜென்டினா திரும்பி, 30 வயதைத் தாண்டி வாழ்ந்தன. காட்டோ 1944இலும் மாஞ்சா 1947இலும் இறந்தன.

இன்றும் இந்த இனத்துக்கு ஒரு சோதனை உண்டு: 110 கிலோ சுமையோடு 14 நாளில் 750 கி.மீ. தீனி, வழியில் மேயும் புல் மட்டுமே.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்த முதலாளிகள் முட்டாள்கள் இல்லை. உயரத்தை அளக்கலாம், வேகத்தை அளக்கலாம், அதற்கு விலையும் வைக்கலாம். பட்டினியிலும் நிற்கிற திறமையை எந்தப் பேரேட்டில் எழுதுவது? எழுத இடமில்லாததால் அதற்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிட்டார்கள்.

பேலன்ஸ் ஷீட் போடும்போதெல்லாம் எனக்கு மாஞ்சாவும் காட்டோவும் நினைவுக்கு வருகின்றன. உங்கள் ஊரில் இப்படிக் கணக்கில் வராமல் போனது எது? கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன்.