மிஞ்சிய கோழியும் மஞ்சக்குப்பத்துக் குசினிகளும்

ஞாயிற்றுக்கிழமை மாலை கடைத்தெருவில் வாங்கி வந்த கிரில் கோழியில் பாதி மிஞ்சிவிட, மறுநாள் வேலை முடிந்து வீடு திரும்பிய தாயோ தந்தையோ அதை எலும்பிலிருந்து பிய்த்தெடுத்து, வெங்காயமும் மிளகும் கூட்டி வதக்கி, அரைமணி நேரத்துக்குள் தோசைக்கும் சப்பாத்திக்கும் துணையாகக் குழந்தைகளின் தட்டில் பரிமாறிவிடும் காரியம், இக்காலத்து அவசர வாழ்க்கை கற்றுக்கொடுத்த உபாயமென்றே பலருக்கும் தோன்றும். ஆயினும், சுட்ட இறைச்சியில் எஞ்சியதை மறுவேளைக்கு முற்றிலும் வேறான ஒரு பதார்த்தமாக மாற்றும் இந்த வித்தை பழமையானது. கடலூர் மஞ்சக்குப்பத்தைப் போன்ற ஊர்களில், வெள்ளைக்காரர் மாளிகைகளின் பின்கட்டில் புகைசூழ்ந்த குசினிகளில் அது பன்னெடுங்காலம் பயிலப்பட்டது. அதைப் பயின்றவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட இந்த ஊரின் நவீன சரித்திரம், கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையிலிருந்து தொடங்குகிறது. செஞ்சியிலிருந்து அரசு செலுத்திய மராட்டிய மன்னர் இராஜாராமிடமிருந்து 1690-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அக்கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுகிறதோ அவ்வளவு நிலமும் அவர்களுக்கே உரியதென்று உடன்பாடு ஏற்பட்டது. அந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்று மக்கள் வெகுகாலம் வழங்கினர். 1746-இல் சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொள்ள, அது முதல் 1752 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் கம்பெனியின் தலைமைப்பீடம் இங்கேயே இருந்தது. 1756-இல் ராபர்ட் கிளைவ் இதன் நிர்வாகத் தலைவராக வந்தார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். கோட்டை வீழ்ந்த பின்னும் மஞ்சக்குப்பத்தின் தோட்ட மாளிகையும், மைதானமும், அவற்றைச் சுற்றி வளர்ந்த உத்தியோகஸ்தர் பங்களாக்களும் நிலைத்து நின்றன. பின்னாளில் தென்னார்க்காடு ஜில்லாவின் கலெக்டர் வாசமும் கச்சேரியும் இவ்விடத்திலேயே அமைந்தன.

அந்தத் தோட்ட மாளிகையின் யுத்த சரித்திரத்திலேயே அடுப்புக்கு ஓர் இடம் உண்டு. 1746 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டுப் பெண்ணையாற்றைக் கடந்து வந்த பிரெஞ்சுப் படை, தோட்ட மாளிகையை எளிதில் பிடித்துக்கொண்டு, நெடுநடையால் களைத்துப் பசித்த வீரர்கள் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டுச் சமையலில் முனைந்திருந்த தருணத்தில், ஆங்கிலேயருக்குத் துணைநின்ற ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீனின் மக்களுடைய சேனை வருகிறதென்ற செய்தி எட்டவே, உலையையும் உணவையும் விட்டுவிட்டு ஆற்றை நோக்கி ஓடியது. சோற்றுவேளை ஒரு கோட்டையின் விதியை மாற்றிய அந்த நிகழ்ச்சியைப் போர் நூலாசிரியர்கள் விரித்துரைத்திருக்கின்றனர். போர் ஓய்ந்த பின் தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்து மாளிகைகளில் உலையேற்றி இறக்கியவர்களைப் பற்றியோ அவர்கள் அநேகமாக ஒன்றுமே எழுதவில்லை.

அக்காலத்து ஆங்கிலேயர் மேஜையின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். குளிர்தேசத்து வழக்கப்படி ஆட்டுத்தொடையையும் முழுக்கோழியையும் வாத்தையும் நெருப்பில் வாட்டி முழுசாக மேஜைமீது வைத்து, வெட்டிப் பரிமாறி உண்பதே அவர்களுக்கு விருந்து. உண்பவர் இருவரோ மூவரோ ஆயினும் பதார்த்தங்கள் பலவாக இருந்தமையால், இறைச்சி மிஞ்சுவது தினசரி நிகழ்ச்சியாயிற்று. இங்கிலாந்திலாயின் மிஞ்சியதை நிலவறையில் வைத்து, நாலைந்து நாள் குளிர்ந்தபடியே அறுத்துத் தின்னலாம். கடலூரின் கோடையிலோ, பகலில் சுட்ட இறைச்சி இரவு தங்குவதே அரிது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறி வந்து, 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸில் சேமிக்கப்பட்டதெனினும், ஜில்லாத் தலைநகரங்களின் குசினிகளுக்கு நம்பத்தக்க சாதனம் கம்பிவலை அடித்த மர அலமாரி ஒன்றே. எறும்பேறாதபடி அதன் நான்கு கால்களையும் நீர்நிறைந்த கிண்ணங்களில் நிறுத்தி, உள்ளே இறைச்சியை மூடி வைப்பர். காற்று படலாம், ஈ மொய்க்காது. ஆனால் வெப்பத்தைத் தடுக்க அதனால் ஆகாது. ஆதலால் சமையற்காரருக்கு இருந்த வழி ஒன்றுதான்: மிஞ்சியதைத் தாமதமின்றி மறுபடியும் நெருப்புக்குக் கொண்டுவந்து, புதிய உருவமும் புதிய சுவையும் கொடுத்து, அடுத்த வேளைக்கே மேஜையில் வைத்துவிடுவது.

இந்த நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்த பதார்த்தங்கள் பல இன்று உலகப் பிரசித்தி பெற்றிருக்கின்றன. குளிர்ந்த வறுவல் இறைச்சியைத் துண்டாக்கி, வெங்காயமும் மிளகாயும் கூட்டி அனலில் புரட்டியெடுப்பது ஜால்ஃப்ரெஸி. அதையே பொடியாகக் கொத்தி, வேகவைத்த உருளைக்கிழங்குடன் பிசைந்து, முட்டையிலும் ரொட்டித்தூளிலும் தோய்த்துப் பொரித்தால் கட்லெட். எலும்பைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் மிளகும் கொத்தமல்லியும் புளியும் சேர்த்தால், நம்முடைய மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயர் சூப் தட்டில் ஏறிவிடும். வெங்காயத்தோடும் கறிமசாலையோடும் சமைக்கும் கன்ட்ரி கேப்டன் என்ற கோழி வறுவலுக்கு, 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி தரும் விளக்கம் கவனிக்கத் தக்கது: முதுகில் பிளந்து விரித்து அனலில் வாட்டிய கோழியை வெங்காயமும் மசாலையும் கூட்டிப் பக்குவப்படுத்துவதே சென்னை இராஜதானியில் அப்பெயரால் வழங்கியதென்றும், அதுவே அதன் ஆதி உருவமாக இருக்கக்கூடுமென்றும் அது கூறுகிறது. அனலில் வாட்டிய கோழியையும் நம்முடைய தாளிப்பையும் ஒரே சட்டியில் சேர்த்து வைத்த அந்தப் பதார்த்தம், பிற்காலத்தில் கடல்கடந்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் குடியேறி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் விரும்பி உண்ணும் பெருமையையும் அடைந்தது.

இவற்றைச் சமைத்தவர் யார்? சாதிக் கட்டுப்பாடுகளால் மற்றவர் பலர் மாட்டிறைச்சியைத் தொட மறுத்த அக்காலத்தில், ஐரோப்பியர் குசினிகளில் பெரும்பாலும் பணிசெய்தவர்கள் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தமிழர்களும், கிறிஸ்தவம் தழுவியவர்களுமே. கல்வி மறுக்கப்பட்ட அவர்கள், கண்ணாலும் கையாலும் கற்ற வித்தையை ஏட்டில் எழுதி வைக்கவில்லை, ஏடெழுதியவர் வேறொருவர். சென்னைக் குதிரைப்படையில் பணியாற்றிய கென்னி-ஹெர்பர்ட் என்பவர், வைவர்ன் என்ற புனைபெயரில் எழுதிய சமையல் நூலைச் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனத்தார் 1878-இல் வெளியிட்டனர். நுணுக்கமும் ரசனையும் நிறைந்த நூல்தான் அது. எஞ்சிய இறைச்சியை மீண்டும் சமைப்பதைப் பற்றியும் மிளகுத் தண்ணீரைப் பற்றியும் அதில் அக்கறையோடு எழுதியிருக்கிறார். ஆனால் தமிழ்ச் சமையற்காரர் அனைவரையும் அவர் ராமசாமி என்ற ஒரே பெயரால் குறிக்கிறார். ஆயிரம் கைகள் செய்த காரியத்துக்கு ஒரு பொதுப்பெயர் மட்டுமே எஞ்சியது என்பதை எண்ணும்போது நெஞ்சம் வருந்துகிறது.

அவர்கள் வெறுங்கையோடு குசினிக்குள் நுழைந்தவர்களும் அல்லர். பழையதைப் பாழாக்காமல் பக்குவப்படுத்தும் ஞானம் இந்தக் கரைக்குப் பூர்வீகச் சொத்து. நேற்றைய மீன்குழம்பை மண்சட்டியிலேயே காலையில் மீண்டும் அடுப்பேற்றிச் சுண்டவைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதும், விற்காமல் நின்ற மீனை உப்பிட்டுக் கருவாடாக்குவதும், தீபாவளிக் கறிக்குழம்பை மறுநாள் கொதிக்கவைத்து இட்லியோடு உண்பதும் இங்கே யாரும் யாருக்கும் பாடம் சொல்லிக் கொடுக்காத வழக்கங்கள். புளியும் உப்பும் காரமும் கொதியும் உணவைக் காக்குமென்று அனுபவத்தால் தேர்ந்தவர்களே, துரைமார் மேஜையில் மிஞ்சிய கோழியைக் கண்டதும் இன்னது செய்ய வேண்டுமென்று தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஜால்ஃப்ரெஸியும் மிளகுத் தண்ணீரும் ஆங்கிலேயர் புத்தகத்தில் ஏறியிருந்தாலும், அவற்றின் உள்ளே இயங்குவது தமிழ்ப் பெண்களின் அடுக்களை அறிவு என்றே நான் கருதுகிறேன்.

இன்றைய நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 1958-இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே குளிர்பதனப் பெட்டியைச் செய்யத் தொடங்கி, அது நாளடைவில் நடுத்தர வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கொங்குநாட்டில் உடுமலையையும் பல்லடத்தையும் சூழ்ந்து வளர்ந்த ஒப்பந்தக் கோழிப்பண்ணைகள், பண்டிகைக்கு மட்டும் அறுபட்ட கோழியை அன்றாட உணவாக்கின. கண்ணாடிப் பெட்டிக்குள் சுழன்று வேகும் கோழி சிறுநகரங்களின் மாலைக் காட்சியாயிற்று. எனினும் மறுசமையலின் விதிகள் மாறவில்லை. சுட்ட கோழியை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்காமல் குளிரில் வைத்து, மூன்று நாளைக்குள் ஆவி பறக்கச் சூடாக்கி உண்டுவிட வேண்டும். அதனோடு வந்த மயோனைசை மட்டும் அன்றைக்கே கழித்துவிடுவது நலம். பச்சை முட்டையில் செய்த மயோனைசைத் தமிழக அரசு 2025-இல் ஓராண்டுக்குத் தடைசெய்ததன் காரணமும் இத்தகைய அபாயமே.

சமைக்கும் முறையிலும் ஒரு சூக்ஷ்மம் உண்டு. ஏற்கெனவே வெந்த சதையை நெடுநேரம் கொதிக்கவிட்டால், இருந்த ஈரமும் வற்றி நார்நாராகிவிடும். ஆதலால் எண்ணெயில் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, நறுக்கிய வெங்காயம் பொன்னிறமாகும்வரை பொறுமையாய் வதக்கி, தக்காளி குழைந்து எண்ணெய் பிரிந்து மசாலை முழுவதும் வெந்த பிறகே, கோழியைப் பிய்த்துப் போட்டு ஐந்து நிமிஷம் புரட்டி, மிளகுத்தூள் தூவி இறக்க வேண்டும். கழித்த எலும்புகளைப் பக்கத்து அடுப்பில் இஞ்சி, பூண்டோடு கொதிக்கவைத்தால், அதே நேரத்தில் ரசமும் ஆயத்தமாகிவிடும். ஒரு கோழியின் பாதியில் நால்வர் இராச்சாப்பாடு இவ்விதம் நிறைவெய்துகிறது.

மிஞ்சியதைச் சமைப்பது வறுமையின் அடையாளமென்றோ, சோம்பலின் விளைவென்றோ எண்ணுவோர் இன்றும் உண்டு. புதிதாய் அறுத்த கோழியைச் சுவையாகச் சமைக்கப் பலரால் முடியும். ஒருமுறை நெருப்பைக் கண்டு சாரமிழந்ததை மீண்டும் உயிர்ப்பித்து, இது நேற்றையது என்ற எண்ணமே எழாதபடி பரிமாறுவதற்குக் கூடுதல் அறிவும் பொறுப்பும் வேண்டும். அந்தத் திறமையைக் குசினிகளில் வளர்த்தவர்களுக்கு நன்றி செலுத்த நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: பட்லராகவும் குசினிக்காரராகவும் உழைத்த முன்னோரின் குடும்பங்களில் இன்றும் வாய்மொழியாய் நிலவும் பாகங்களையும் அவர்தம் பெயர்களையும் கேட்டு எழுதி வைக்க வேண்டும். கோட்டைகளுக்கும் கவர்னர்களுக்கும் நூல்கள் போதுமான அளவு இருக்கின்றன. இனி எழுதப்பட வேண்டியது இவர்களுடைய சரித்திரமே.